பெயர்ப்பலகையில் இல்லாத நாடு

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே குடமுருட்டிக் கரையிலிருந்த எங்கள் வயலில் முதன்முதலாக ஐ.ஆர்.8 நெல் நடப்பட்டபோது நான் பள்ளிச் சிறுவன். இடுப்பளவே வளர்ந்த அந்தப் பயிரைக் கண்டு, மாட்டுக்கும் கூரைக்கும் வைக்கோலுக்கு எங்கே போவது என்று என் தந்தையார் கவலைப்பட்டது நினைவிருக்கிறது. 1966-இல் பிலிப்பின்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அந்த ரகத்துக்குக் குட்டைத்தன்மையை அளித்தது தைவான் நெல். இந்தோனேசியாவின் பேட்டாவுடன் தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென்னைக் கலந்து அது உருவாக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே 'தைச்சுங் நேட்டிவ் 1' என்ற ரகம் தைவானிலிருந்து இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1895 முதல் 1945 வரை ஆண்ட ஜப்பானியர் புகுத்திய நெல்லிலிருந்து வேறுபடுத்தவே, அங்கு முன்பே இருந்த நெல்லை 'நேட்டிவ்' என்றனர். நெல்லின் பெயரிலேயே எது சொந்தம், எது அயல் என்ற கேள்வி இருந்திருக்கிறது.

உலக வயல்களில் பெயர் பதித்த அந்தத் தீவுக்கு உலக அரங்குகளில் சொந்தப் பெயர் இல்லை. ஒலிம்பிக்கில் அது 'சீன தைபே'. 2002-இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது 'தைவான், பெங்கு, கின்மென், மாட்சு தனிச் சுங்கப் பிரதேசம்'. உலக சுகாதாரப் பேரவையில் 2009 முதல் 2016 வரை பார்வையாளராக அமர்ந்தது. பின்னர் அந்த இடமும் போயிற்று.

நிலப்பரப்பு, மக்கள், அரசு, பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கும் நாடு என்பதற்கான இலக்கணம் என்கிறது 1933-ஆம் ஆண்டின் மான்டெவிடியோ உடன்படிக்கை. 2.3 கோடி மக்களும் சொந்த நாணயமும் ராணுவமும் தேர்தலும் கொண்ட தைவானுக்கு இவற்றில் எது குறைவு? குறை வரலாற்றில் இருக்கிறது. 1949-இல் உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை ஷேக்கின் 'சீனக் குடியரசு' அரசு தைவானுக்குப் பெயர்ந்து, முழுச் சீனத்துக்கும் தானே அரசு என்றது. 1971 அக்டோபர் 25-இல் ஐ.நா. பொதுச்சபையின் 2758-ஆவது தீர்மானம் அந்த இருக்கையை பெய்ஜிங்கிடம் அளித்தது. 1979-இல் அமெரிக்காவும் மாறியது. இன்று தைவானை அங்கீகரிப்பவை வாடிகன் உள்ளிட்ட ஒரு டஜன் நாடுகளே.

இதற்கிடையே மக்களின் மனம் மாறிவிட்டது. 1947 பிப்ரவரிப் படுகொலை, 1987 வரை 38 ஆண்டுகள் நீடித்த ராணுவச் சட்டம், 1996-இன் முதல் நேரடி அதிபர் தேர்தல் ஆகியவை 'தைவானியர்' என்ற உணர்வை வளர்த்தன. தைபேயின் தேசிய செங்சி பல்கலைக்கழகம் 1992 முதல் கேட்டுவரும் கேள்விக்கு, தொடக்கத்தில் ஆறில் ஒருவர்தான் தம்மைத் தைவானியர் மட்டுமே என்றார். அண்மைக் காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர். ஆயினும் உடனடி விடுதலைப் பிரகடனத்தைப் பெரும்பாலோர் விரும்பவில்லை. பிரிவினை என்றால் படைபலமும் பயன்படுத்தப்படலாம் என்கிறது சீனாவின் 2005 சட்டம். அதைக் கோழைத்தனம் என நம் நாற்காலிகளில் அமர்ந்து சொல்வது எளிது.

நாமும் 1949 டிசம்பர் 30-இலேயே பெய்ஜிங்கை அங்கீகரித்தவர்கள். ஆனாலும் 1995 முதல் தைபேயில் 'இந்தியா-தைபே சங்கம்' இயங்குகிறது. 2012-இல் சென்னையில் திறக்கப்பட்ட தைவான் அலுவலகத்தின் பெயர் 'தைபே பொருளாதாரப் பண்பாட்டு மையம்'. தூதரகம் என்ற சொல்லோ தைவான் என்ற சொல்லோ அதில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி செய்வதும் செய்யாறில் காலணி செய்வதும் தைவான் நிறுவனங்களே.

முழு அங்கீகாரத்தை தில்லியிடம் இப்போது எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. நீண்ட எல்லைத் தகராறு கொண்ட நாடு நாம். ஆனால், சுகாதாரப் பேரவையில் தைவான் அமர வேண்டும் என்று சொல்ல நமக்கென்ன தயக்கம்? நோய்க்கிருமி அங்கீகாரம் பார்த்து வருவதில்லை. 2024 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர்களை அனுப்புவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாளை நம் ஊர் இளைஞர் அங்கு ஊதியத் தகராறில் சிக்கினால், தூதரகமென்ற பெயரில்லாத அச்சங்கத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும். அதன் ஆள்பலத்தையும் அதிகாரத்தையும் இப்போதே பெருக்குவது அவசியம்.

அதே ஆண்டு ஜூலையில் இயற்கை வேளாண் பொருள்களின் சான்றிதழை இரு தரப்பும் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இந்தியச் சான்று பெற்ற இயற்கை அரிசி, மறுபரிசோதனையின்றி இனி அங்கே விற்கலாம்.