காலுக்குத் தெரியும், பாதை போட்டவன் யாரென்று

அக்கா மகள் செப்டம்பரில் பிரான்சுக்குப் போகிறாள். பர்கண்டி என்கிற திராட்சை நாட்டில் ஒரு வாரம் சைக்கிளில் சுற்றப்போகிறாளாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தானுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். டீ வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

“ஏன் மாப்ளே, அங்கெல்லாம் கார் நூறு, நூத்தி இருபதுல போகும்பாங்க. அதுக்கு நடுவுல இவ சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் போவாளா?”

“கார் வராத பாதையிலதான் போறா, அத்தான்.”

நம்பவில்லை. முப்பது வருஷம் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவர். பாதை என்று ஒன்று இருந்தால் அதை ஒரு காரணத்துக்காக யாரோ போட்டிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. “சைக்கிளுக்குன்னே மலையக் குடைஞ்சு எவனாவது ரோடு போடுவானா?”

போடமாட்டான். போடவும் இல்லை. அவள் போகப்போகும் வழியில் பெரும்பகுதி வேறு வேலைக்காகப் போட்டது. முதல் துண்டு திராட்சை விவசாயி போட்டது. அடுத்தது கால்வாய் வெட்டியவன் போட்டது. கடைசித் துண்டு ரயில்காரன் போட்டது. எந்தத் துண்டை யார் போட்டான் என்று தெரிந்துகொண்டால், எங்கே மூச்சு வாங்கும், எங்கே வாங்காது என்பதை மேப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதல் துண்டு தொடங்கும் ஊரின் பெயர் போன். நம் கையில் இருக்கும் போன் இல்லை; அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். 1443-இல் ஏழைகளுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்று வண்ண ஓடு வேய்ந்த கூரையோடு இன்னும் நிற்கிறது. அதற்குச் சொந்தமான தோட்டங்களின் ஒயினை ஒவ்வொரு நவம்பரிலும் ஏலம் விடுகிறார்கள். இந்த ஊரிலிருந்து தெற்கே சாந்த்னே வரை 22 கிலோமீட்டர். பொமார், வொல்னே, மெர்சோ, புலீன்யி என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போகும் பாதை.

இது தோட்டத்துக்குள் போகும் வண்டிப்பாதை. வண்டி தன் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று விவசாயி போட்டது. ஏற்ற இறக்கத்தைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. அதனால் மேலே ஏறும், சட்டென்று இறங்கும், கல்சுவரை ஒட்டி வளையும். மூன்று துண்டுகளில் கால் அதிகம் வலிக்கப்போவது இங்கேதான்.

“அப்ப வண்டியே வராதுன்னு சொன்னியே?” அத்தான் பிடித்துக்கொண்டார்.

நியாயம்தான். வெளியாள் கார் வராது. தோட்டக்காரர் வண்டி வரும். அதுவும் எப்படிப்பட்ட டிராக்டர்! கம்பத்துப் பன்னீர் திராட்சையைப் போல அங்கே பந்தல் கிடையாது. இடுப்பு உயரத்துக்குக் கம்பியில் கட்டிய கொடிகள், ஒரு மீட்டருக்கு ஒரு வரிசை, ஏக்கருக்கு 4,000 அளவில். அவ்வளவு நெருக்கத்தில் சாதாரண டிராக்டர் நுழையாது. அதனால் வரிசைக்கு மேலே இரண்டு பக்கமும் காலைப் பரப்பிக்கொண்டு நடக்கும் உயரமான டிராக்டரைச் செய்துவைத்திருக்கிறார்கள். டிரைவர் கொடிக்கு மேலே உட்கார்ந்திருப்பார். செப்டம்பர் அறுவடைக் காலம். இந்த டிராக்டர்களும் பழம் ஏற்றிய டிரெய்லர்களும் எதிரே வரும். ஓரமாக இறங்கி நின்று வழிவிடுவதுதான் மரியாதை. அது அவர்கள் பாதை, நாம் விருந்தாளி. மே, ஜூனில் போகிறவர்கள் மருந்தடிப்பைக் கவனிக்க வேண்டும். 

இவ்வளவு சிரமப்பட்டு அந்த மேட்டில் எதற்கு மிதிக்க வேண்டும்? அந்தச் சரிவைப் படிப்பதற்குச் சைக்கிள் வேகம்தான் சரி. கிழக்கே பார்த்த நீளமான சரிவு அது. உச்சியில் காடு. அதற்குக் கீழே மெல்லிய, கல் நிறைந்த மண். நடுவில் சுண்ணாம்புக் கல்லும் களியும் கலந்த மண், தண்ணீர் தேங்காது, காலை வெயில் நேராக விழும். அடியில் ஆழமான ஈர மண். நமக்கு ஈர மண் என்றால் நல்ல மண். திராட்சைக்கு அங்கே கணக்கு வேறு. அடிவாரத்துக் கொழுத்த மண்ணில் விளைவது சாதாரண ஒயின். சரிவின் நடுவில்தான் விலை உயர்ந்தது. மோன்ராஷே என்ற பெயர்பெற்ற வெள்ளை ஒயின் விளையும் நிலம் மொத்தமே சுமார் 8 எக்டேர், 20 ஏக்கர். அதற்கு நாலு அடி தள்ளி விளைவதற்கு வேறு பெயர், வேறு விலை.

நம் ஊரில் கிணற்றடி வயல், கோயில் மேட்டுப் புஞ்சை என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் இருக்கிறதல்லவா, அங்கேயும் அப்படித்தான். பெயருள்ள துண்டை ‘க்ளிமா’ என்கிறார்கள். அப்படி 1,247 துண்டுகள். 2015-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காரில் போனால் எல்லாம் ஒரே பச்சை. சைக்கிளில் போனால் பொமார், வொல்னே பக்கம் கருந்திராட்சை, மெர்சோ தாண்டினால் பெரும்பாலும் வெள்ளைத் திராட்சை என்று கண் பிரித்துவிடும். எங்கே கால் கனக்கிறதோ அங்கே சரிவு, எங்கே சரிவோ அங்கே விலை.

“எல்லாம் சரி. குடிக்கத்தான போறா?” அத்தான் குரலைத் தாழ்த்தினார். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

ருசி பார்ப்பாள், ஒளிப்பானேன். ஆனால் அங்கே சைக்கிள்காரருக்கும் கார்காரருக்கும் ஒரே சட்டம்: ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் வந்துவிட்டால் குற்றம். ருசி பார்க்கிறவர்கள் வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்; தொழில் தெரிந்தவர்களே துப்புகிறார்கள். வேண்டுமானால் பாட்டிலை வாங்கிப் பையில் வைத்து, ராத்திரி தங்கும் இடத்தில் திறந்துகொள்ளலாம். அத்தானுக்கு இது பாதி ஆறுதல்.

இரண்டாவது டீ வந்தது. இரண்டாவது துண்டுக்குப் போனோம்.

சாந்த்னேயை ஒட்டி ஒரு கால்வாய் ஓடுகிறது. சோன் நதியையும் லுவார் நதியையும் இணைக்க 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டியது. படகைக் கரையிலிருந்து குதிரையும் ஆளும் கயிறு கட்டி இழுத்த காலம். இழுப்பவர்கள் நடக்கக் கரையோரம் பாதை வேண்டும். அந்தப் பாதைதான் இப்போது சைக்கிளுக்கு. தண்ணீர் மட்டம் மாறாது, அதனால் கரையும் மாறாது. படகைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் நீர்க்கதவு வரும் இடத்தில் மட்டும் சின்ன மேடு. மற்றபடி சமதளம். ஷலோன் நகரம் வரை மரநிழலில் மிதிக்கலாம். எதிர்க்காற்று அடித்தால் உண்டு, இல்லாவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மேட்டில் தேய்ந்த காலுக்கு அந்த ஒன்றுமில்லாததுதான் மருந்து.

மூன்றாவது துண்டுக்கு வந்ததும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஷலோனுக்கு மேற்கே ஷிவ்ரி என்ற ஊர். அங்கிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், பழைய ரயில் பாதை. ரயில் நின்றது, தண்டவாளத்தை எடுத்தார்கள். மண்மேடு கிடந்தது. அதன்மேல் தார் போட்டு 1997-இல் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டார்கள். பிரான்சில் ‘பசும்பாதை’ என்ற வகைக்கே இதுதான் முன்னோடி. சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயர் ஏறியது 2004-இல்தான். நீலப் பலகையில் சைக்கிளும் ஆளும் வரைந்திருந்தால் இன்ஜின் வைத்த எதுவும் உள்ளே வரக்கூடாது.

“ரயில் பாதைன்னா ஏத்தமே இருக்காதே,” என்றார் அத்தான். இப்போது விளக்குகிறவர் அவர். “இரும்புச் சக்கரம் இரும்புல ஓடுது. பிடிப்புக் கம்மி. நூறுக்கு ஒண்ணு ஏறினாலே இன்ஜின் முனகும். அதனால மேட்டை வெட்டுவோம், பள்ளத்தை ரொப்புவோம். வளைவுகூட நைசா இருக்கும். நாப்பது கிலோமீட்டருன்னாலும் அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது.”

அதேதான். இருபுறமும் திராட்சைத் தோட்டமும் மேய்ச்சல் நிலமும். பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் சில இன்னும் நிற்கின்றன. க்ளூனியில் 910-இல் நிறுவிய மடம். ரோமில் இன்றைய புனித பேதுரு ஆலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ஆலயம் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரு கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, இல்லாததை மனதில் கட்டிக்கொள்ள வேண்டும்.

க்ளூனியிலிருந்து மாக்கோன் பக்கம் போகும் வழியில் குன்று குறுக்கே நிற்கும். ரயில்காரன் அதைக் குடைந்திருக்கிறான்: புவா க்ளேர் சுரங்கம், 1,600 மீட்டர். விளக்குப் போட்டுச் சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், உள்ளே வௌவால்கள் உறங்கும் என்பதற்காக. அப்போது குன்றின் மேலே ஏறித்தான் கடக்க வேண்டும். செப்டம்பரில் திறந்திருக்கும். நடுவில் முடியவில்லை என்றால் போன், ஷலோன், மாக்கோன் எல்லாம் ஒரே ரயில் தடத்தில் இருக்கின்றன. உள்ளூர் ரயிலில் சைக்கிளை ஏற்றிவிடலாம்.

அத்தான் என் போனை வாங்கி மேப்பைப் பெரிதாக்கினார். விரல் க்ளூனியிலிருந்து மெல்ல நகர்ந்து சுரங்கத்தின் வாயில் நின்றது.

“சுரங்கம்னா அதுக்கு முன்னாடி ஏத்தம் இருக்கும். ஏற முடிஞ்ச மட்டும் ஏறிப் பார்த்துட்டுத்தான் குடைவோம். கண்ணுக்குத் தெரியாது, கால்லதான் தெரியும். ஊரத் தாண்டினதுமே கியரக் கொறச்சுக்கச் சொல்லு. உள்ள சொட்டுச் சொட்டாத் தண்ணி விழும், ஒரு சட்டை எடுத்துக்கட்டும்.”

டீ ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே குடித்துவிட்டு, “அந்த ஸ்டேஷனையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு,” என்று எழுந்தார்.