வயல் எலியும் புதர்க்காடும் இருளர் குடிகளும்

குன்றத்தூரிலிருந்து தாம்பரம், வண்டலூர் வழியாகச் செங்கற்பட்டு வரையில் உள்ள சிறு கரடுகளிலும் ஏரிக்கரைகளிலும் காரை, களா, சூரை, விராலி, ஈச்சு முதலியவை மண்டிய புதர்க்காடு ஒரு காலத்தில் தொடர்ச்சியாக இருந்தது. இன்று அதில் பெரும்பகுதி மனைகளாகவும் பாதைகளாகவும் மாறிவிட்டது. 1882-ஆம் வருஷத்து மதராஸ் வனச்சட்டத்தின் வழியே காப்புக் காடுகளாக்கப்பட்ட வண்டலூர், நன்மங்கலம் முதலிய இடங்களில் மட்டும் அதன் உருவத்தை ஓரளவு காணலாம். தேக்கும் சந்தனமும் இல்லாத இம்முட்புதரைக் காடு என்று சொல்லவே பலர் கூசுவர். வெட்டிச் சுத்தம் செய்துவிட்டால் ஊருக்கு நன்மை என்று எண்ணும் கிராமத்தாரும் உண்டு. இவ்வெண்ணம் சரியானதா என்பதை, இப்புதரை நம்பிப் பிழைக்கும் இருளர் குடிகளையும் நெல்வயலையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இருளர் என்போர் தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடியினராகச் சர்க்கார் கணக்கில் குறிக்கப்பட்டுள்ள ஆறு வகுப்பாரில் ஒருவர். நீலகிரிச் சாரலிலும் இப்பெயருடையோர் இருக்கின்றனர். ஆயினும் செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் பகுதிகளின் சமவெளி இருளர் வாழ்க்கை வேறு. இவர்களுக்கு மலையும் இல்லை, பெருங்காடும் இல்லை. ஏரிக்கரை, ஓடைக்கரை, புறம்போக்கு ஆகியவற்றில் குடிசையிட்டு, கிழங்கும் தேனும் மூலிகையும் சேகரித்தும், விறகு வெட்டியும், நண்டும் மீனும் பிடித்தும், அறுவடைக் காலத்தில் எலி தோண்டியும் ஜீவனம் செய்து வந்தவர்கள். ஆண்டுக்கொரு முறை மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வணங்குவர்.

பாம்பு பிடிப்பதில் இவர்களுக்குள்ள தேர்ச்சி பிரசித்தமானது. சென்ற நூற்றாண்டில் பாம்புத்தோல் வியாபாரிகள் இத்தேர்ச்சியைப் பயன்படுத்திக்கொண்டனர். தோலின் விலையில் மிகச் சொற்பமே பிடித்தவன் கைக்கு வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பாம்புகள் அழிவதைத் தடுக்க அச்சட்டம் அவசியமாயிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோல் வியாபாரி வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டான். வேறு தொழில் அறியாத இருளனோ ஒரே நாளில் குற்றவாளியானான். காட்டைக் காக்கும் சட்டம் எதுவாயினும் அதன் பாரம் முதலில் யார்மேல் விழுகிறது என்பதற்கு இது தக்க உதாரணம்.

இதற்குப் பரிகாரமாக எழுந்ததே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் முதலில் தொடங்கிப் பின் கிண்டிக்கு மாறிய சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் இதில் முன்னின்றார். 1978-இல் பதிவான இச்சங்கம் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் வேலை செய்து வருகிறது. வன இலாகாவின் அனுமதி பெற்று, குறிப்பிட்ட தொகைக்கு மேற்படாமல், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினையும் அங்கத்தினர்கள் பிடித்துவருவர். மணல் இட்ட மண்பானையில் ஒவ்வொரு பாம்பையும் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிச் சுமார் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுக்கின்றனர். பின்னர் அடிவயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் செய்து காட்டில் விட்டுவிடுவர். அடையாளமுள்ள பாம்பு உடனே திரும்பவும் சிக்கினால் அதைத் தொடமாட்டார்கள். முன்பு பாம்பு செத்தால்தான் கூலி. இப்போது அது பிழைத்திருந்தால்தான் கூலி.

உலர்த்திய விஷம் மருந்துச் சாலைகளுக்குப் போகிறது. அங்கே அதைச் சிறிது சிறிதாகக் குதிரைகளின் உடலில் ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து செய்கின்றனர். நெடுங்காலமாக இந்தியாவில் செய்யப்பட்ட இம்மருந்துக்குரிய விஷத்தில் மிகப் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்து சென்றதே. (பாம்பின் விஷம் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுவதால், இப்பகுதி விஷத்தால் செய்த மருந்து வட இந்தியாவின் சில இடங்களில் அவ்வளவு நன்றாகப் பலிப்பதில்லை என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர், அது தனியே பேசவேண்டிய விஷயம்.) 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் வருஷந்தோறும் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக ஒரு கணக்கு கூறுகிறது. அவர்களில் மிகுதியானோர் கிராமவாசிகள். ஆகவே இருளரின் வேலை குடியானவன் உயிரோடு நேரே சம்பந்தப்பட்டது.

2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகித் தொல்லை தரும் மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பின் தடம், எச்சம், உரித்த சட்டை ஆகியவற்றைக் கொண்டே அது எந்த வளையில் எப்போது நுழைந்தது என்று சொல்லும் அறிவு புத்தகத்தில் கற்றதன்று. புதர்க்காட்டில் தகப்பனுக்குப் பின்னால் நடந்து கற்றது. புதர் போனால் அவ்வறிவும் ஒரு தலைமுறையில் போய்விடும்.

இனி எலியைப் பற்றி. நெல் வயலில் வரப்பைக் குடைந்து நீரை வடியவிட்டும், பால் பிடிக்கும் கதிரை அறுத்தும், முற்றிய கதிரை வளைக்குள் சேர்த்தும் நஷ்டம் விளைவிப்பது எலி. இது சுமார் மூன்று வாரமே கருவுற்றிருந்து ஈற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குட்டிகள் போடும். ஒரு போகத்தில் இதன் பெருக்கம் எவ்வளவாகும் என்பதைக் குடியானவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஜிங்க் பாஸ்பைடு முதலிய விஷம் வைப்பது எளிய முறையாகத் தோன்றும். ஆனால் ஓர் எலி சிறிது தின்று நோயுற்றுத் தப்பினால் பிறகு அவ்விரையை அணுகாது. அன்றியும் விஷமுண்ட எலியைத் தின்னும் கூகையும் பிற பிராணிகளும் கெடும். கோழியும் நாயும் சாவதுண்டு.

இருளர் முறை வேறு. விடியற்காலையில் வரப்பைச் சுற்றிவந்து, வாயில் புதுமண் கிடக்கும் வளை எது, கைவிட்ட வளை எது என்று பிரித்து, ஒன்றைத் தவிர மற்ற வாயில்களை அடைப்பர். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, எஞ்சிய வாயில் பொருத்தி வாயால் ஊதிப் புகையைச் செலுத்துவர். பிறகு தோண்டினால் தாயும் குட்டியும் ஒருங்கே அகப்படும்; எலி சேர்த்த நெல்லும் கிடைக்கும். அந்நெல்லும் எலியும் தோண்டுகிறவருக்கே என்பது பழைய வழக்கம். வாயால் ஊதுவதில் உதடும் கையும் சுடுவதும் புகை நெஞ்சில் அடைப்பதும் உண்டாகையால், கையால் சுழற்றி ஊதும் இரும்புக் கருவியொன்று செய்யப்பட்டு, 2003-இல் உலக பாங்கியின் உதவிபெற்றுப் பல இருளர் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது. சில நிலச்சுவான்தார்கள் வளையில் கிடைத்த நெல்லையும் களத்துக்குக் கொண்டுவரச் சொல்கின்றனர். இது சொற்ப லாபத்துக்காகப் பெரிய உதவியை இழப்பதாகும். அடுத்த போகத்தில் அவர்கள் வரப்புக்கு ஒருவரும் வாரார்.

இருளர் வருவது அறுவடையையொட்டிச் சில நாட்களே. மற்ற மாதங்களில் எலியைக் குறைப்பவை சாரையும் நல்லபாம்பும் கூகையும் கீரியுமாகும். இவை பகலில் ஒதுங்கவும் குஞ்சு பொரிக்கவும் வயலுக்கு அருகே புதர் வேண்டும். ஆதலால் கரட்டோரத்திலும் ஏரிக்கரையின் வெளிச்சரிவுக்கு அப்பாலும் உள்ள காரை, களா, சூரைப் புதர்களை முற்றும் வெட்டாமல் விடுவதே லாபகரம். வீட்டையும் களத்தையும் ஒட்டிய புதரையும் வைக்கோல் குப்பையையும் மட்டும் அகற்றலாம். கண்ணாடி விரியன் அவற்றில்தான் மறைந்திருந்து மனிதரைக் கடிக்கிறது. கடிபட்டவரைக் கீறுவது, இறுகக் கட்டுவது, மந்திரிப்பது ஆகியவற்றில் நேரம் போக்காமல் விஷமுறிவு மருந்துள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு உடனே சேர்க்க வேண்டும்.

வெட்டத்தக்க புதர் ஒன்று உண்டு. அது 1877-ஐயொட்டி வெளிநாட்டு விதை தருவித்துக் கடப்பை ஜில்லாவில் விறகுக்காக நடப்பட்டு, இன்று ஏரி வயிற்றையெல்லாம் அடைத்துக் கிடக்கும் சீமைக்கருவேல். இதை வெட்டிக் கரி சுடும் வேலையில் இருளர் பலர் இருக்கின்றனர். முன்பணம் கொடுத்து அதன் பேரால் குடும்பத்தையே கட்டிவைப்பது 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். குத்தகை எடுப்போர் இதனை அறிந்திருத்தல் நலம்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. பழங்குடியினருக்கு ஜாதிச் சான்றிதழ் அளிப்பவர் கோட்ட அதிகாரியே எனினும், அவர் பார்ப்பது கிராமத்திலிருந்து போகும் விசாரணை அறிக்கையை. தலைமுறையாக ஒரே ஊரில் எலி தோண்டுகிற குடும்பத்தைப் பற்றி “விவரம் தெரியவில்லை” என்று எழுதி அனுப்பினால் பிள்ளையின் படிப்பும் மனைப்பட்டாவும் நின்றுபோகும். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் காட்டில் வசிப்போருக்கு உரிமை தருகிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கு இருந்தமையைக் காட்டவேண்டும். ஆனால் ஏரிக்கரைப் புறம்போக்கு காடாகாதாகையால், சமவெளி இருளரில் பெரும்பாலாருக்கு அச்சட்டத்தால் பயனில்லை. எனவே வெள்ளம் ஏறாத இடத்தில் மனைப்பட்டா கிடைப்பதே அவர்களுக்கு முக்கியம். அவ்விடம் வயலுக்கும் புதருக்கும் எட்டிய தூரத்திலேயே இருத்தல் வேண்டும்.

தை அறுவடைக்குப்பின் எலி தோண்டுவிக்க விரும்புவோர், பக்கத்து நிலத்தாரையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் முடிப்பது நல்லது. தனி வயலில் மட்டும் தோண்டினால் அடுத்த வயலின் எலி வந்து குடியேறும். தோண்டிய வரப்பை அன்றைக்கே ஈரமண் இட்டு மிதித்து அடைத்துவிட வேண்டும்; இல்லாவிடில் அடுத்த பாய்ச்சலில் அவ்விடத்திலேயே நீர் அறுத்துக்கொண்டு போகும்.