யாருடைய நேரம் ஓடுகிறது?



முற்காலத்தில் சதுரங்கம் ஆடியவர்கள் ஒரே ஒரு நகர்வுக்காக மணிக்கணக்கில் யோசித்தபடி அமர்ந்திருப்பதுண்டு. இதற்கு முடிவுகட்ட முதலில் மணற்கடிகாரங்களை வைத்துப் பார்த்தனர். பின்னர், 1883ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில், மான்செஸ்டரைச் சேர்ந்த தோமஸ் பிரைட் வில்சன் உருவாக்கிய இரட்டைக் கடிகாரம் மேசைக்கு வந்தது. நடுவில் தாங்கப்பட்ட ஒரு சட்டத்தின் இரு முனைகளிலும் இரு ஊசற் கடிகாரங்கள். நிமிர்ந்து நிற்பதன் ஊசல் ஆடும்; சாய்ந்ததன் ஊசல் நின்றுவிடும். காயை நகர்த்தியவர் சட்டத்தைச் சாய்த்துத் தன் கடிகாரத்தை நிறுத்துவார்; அக்கணமே எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும்.

பிற்காலக் கடிகாரங்களில் சிறு கொடியொன்றும் சேர்ந்தது. நேரம் முடிந்ததும் கொடி விழும். மணி ஒலிக்காது.

மன்னார்த் தீவின் கடலோர ஊர் ஒன்றில் நான் அறிந்த இரு சகோதரர்களை இக்கடிகாரம் எனக்கு நினைவூட்டுகிறது. கரைவலைப் பாட்டின் பங்கு குறித்து அவர்களுக்குள் பிணக்கு. அண்ணன் தீவில், தம்பி தாம்போதிக்கு அப்பால் பெருநிலப்பரப்பில். மடு அன்னையின் ஆடித் திருவிழாவுக்கு இருவரும் தவறாமல் சென்றனர்; ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. "அவன் வரட்டும்" என்றார் அண்ணன். "அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார் தம்பி. பதினொரு ஆண்டுகள் கழிந்தன. நோயில்பூசுதல் வழங்க நான் சென்ற அன்று அண்ணன் கேட்டது ஒன்றே: "தம்பிக்குச் சொன்னீங்களோ, சுவாமி?" தம்பி வந்து சேர்ந்தபோது முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள்.

சதுரங்கத்தில் ஒருவர் நேரம் ஓடும்போது மற்றவர் நேரம் நிற்கும். வாழ்வில் அப்படியன்று. இது எதிராளியின் முறை என்று இருவரும் காத்திருக்க, இருவர் நேரமும் ஒன்றாகவே கரைகின்றது.

மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரோடு நல்லுறவு கொள்ளுமாறு இயேசு பணிக்கிறார். கவனியுங்கள்! நமக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று ஆண்டவர் கூறவில்லை; அவருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் என்கிறார். குற்றம் யாருடையது என்ற கணக்கு அங்கே இல்லை. நினைவு வந்தவரே எழுந்து செல்ல வேண்டும்.

திருச்சபையின் மறைவல்லுநரான அவிலா புனித தெரேசா, சதுரங்கத்தை உவமையாக்கித் தாழ்ச்சியை அரசிக்கு ஒப்பிட்டார். விண்ணக அரசரையே மடக்கும் வல்லமை தாழ்ச்சிக்கு உண்டெனில், உடன்பிறந்தவரின் உள்ளத்தை அது வெல்லாதா?

வரும் ஞாயிறு திருப்பலியில், சமாதானத்தைப் பகிரும் வேளையில் அருகில் நிற்பவருக்குக் கைகூப்புவோம். அதற்கு முன்னர் நாம் ஏற வேண்டிய வாசற்படி எது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். இன்று மாலைத் திருந்தாதி மணி நம் செவியில் விழும். கொடி விழும் ஓசையோ எவருக்கும் கேட்பதில்லை.

ஆண்டவரே, முதலில் எழுந்து செல்லும் தாழ்ச்சியை எமக்குத் தாரும். ஆமென்.