பழைய வேக வண்டியும் அதன் விலையும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர் நம் பெரியோர். ஊர்திகளுள் அவ்வாறு சொல்லத்தக்கவை மிகச் சில. பெரும்பாலானவை கடையை விட்டு வெளியே வந்த நாள் முதலே விலை இழக்கத் தொடங்குகின்றன. ஆயினும், பழைய வேக வண்டி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்னும் ஆசை நம் மாணவர் விடுதிகளில் ஆண்டுதோறும் புதிதாகத் தளிர்க்கிறது. அந்த ஆசைக்குச் செலவாகும் பணமோ பெரும்பாலும் பெற்றோருடையது. ஆகவே, அவ்வண்டிகளின் விலை எவ்வாறு அமைகிறது, வாங்குமுன் எவற்றை ஆராய வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

விலை இறங்கும் வகை

நம் நாட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் ஊர்தியின் மதிப்பைக் கணக்கிட ஓர் அட்டவணை வைத்துள்ளன. 6 மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 விழுக்காடு என மதிப்பு குறைக்கப்படுகிறது. அதாவது ஐந்தாம் ஆண்டின் முடிவில் ஏட்டளவில் பாதி போய்விடுகிறது. அதற்குப் பின் அட்டவணை இல்லை. இரு தரப்பாரும் பேசி முடிவு செய்ய வேண்டியதுதான்.

வேகக் கார்களின் நிலை இதனினும் கடுமையானது. அவற்றை விரும்புவோர் பலர், வாங்குவோர் சிலர். அகன்ற டயரும், பெரிய பிரேக்கும், வெளிநாட்டு உதிரிப்பாகமும் பழைய விலைக்குக் கிடைப்பதில்லை. கார் பழையதாகி விலை பாதியானாலும் அதன் பராமரிப்புச் செலவு பாதியாவதில்லை. இதை அறிந்தவன் குறைத்துக் கேட்கிறான். விலை மேலும் இறங்குகிறது.

விதிவிலக்கும் உண்டு. ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 250 ஜி.டி.ஓ. என்னும் காரை 36 மட்டுமே செய்தது. அவற்றுள் ஒன்று 2018இல் அமெரிக்காவில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. எண்ணிக்கையில் அருமை, பந்தயத்தில் பெற்ற புகழ், இன்றும் ஓட்டக்கூடிய நிலை ஆகிய மூன்றும் ஒருங்கே கூடினால் இறங்கிய விலை திரும்பி ஏறுகிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பழைய வண்டி பழைய இரும்பாகவே முடியும்.

நம் பக்கத்து வேக வண்டி

எங்கள் பேத்தமங்களா ஏரிக்கரையில் ஃபெராரி ஓடக் கண்டவர் இலர். கோலார் தங்கவயல் வட்டாரத்து இளைஞர் ‘வேக வண்டி’ என்றால் அது யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளையே குறிக்கும். 1985இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவுடன் கூடி அதை இந்தியாவில் வெளியிட்டது. 1996இல் உற்பத்தி நின்றது. இதற்கு மூத்தது ராஜ்தூத் 350. 1983இல் வந்த இந்த இரட்டைச் சிலிண்டர் வண்டி பெட்ரோலைக் குடித்ததாலும் விலை மிகுந்ததாலும் அன்று விலைபோகவில்லை. இன்று அதைத் தேடி அலைகிறார்கள். மைசூரில் பிறந்த எஸ்டி வண்டியும் 1996இல் ஆலை மூடப்பட்ட பின்னரே அருமைப் பொருளாயிற்று.

ஆர்.எக்ஸ். 100இன் புகழுக்கு அறிவியல் காரணம் உண்டு. அதே 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100இன் சிலிண்டர் 97 கன சென்டிமீட்டர், ஆர்.எக்ஸ். 100இன் சிலிண்டர் 98. கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முன்னதன் திறன் சுமார் 7 குதிரைத் திறன். பின்னதன் திறன் 11. முன்னது நான்கு வீச்சு இயந்திரம். தண்டு இருமுறை சுழன்றால் எரிபொருள் ஒருமுறை வெடிக்கும். பின்னது இரு வீச்சு இயந்திரம். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு வெடிப்பு. அப்படியானால் திறன் இருமடங்காக வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். இரு வீச்சு இயந்திரத்தில் புதுக்கலவை உள்ளே வரும்போதே புகைவழியும் திறந்திருப்பதால், கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடுகிறது. அதனால்தான் பெட்ரோல் செலவும் புகையும் மிகுதி. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது இவ்வகை வண்டிகள் மறைந்ததும் இதனாலேயே.

அவ்வாறு ஓடும் கலவையைத் திருப்பித் தள்ளும் வேலையைச் செய்வது சைலன்சர். அதன் வயிறு பருத்துப் பின் குறுகுவது அழகுக்காக அன்று. வெளியேறும் அழுத்த அலை குறுகிய பகுதியில் மோதித் திரும்பி, சரியான நேரத்தில் புதுக்கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சைலன்சரை வெட்டி ஓசை கூட்டுவோர் இந்த அலையின் கணக்கைக் கெடுத்துவிடுகின்றனர். ஓசை ஏறுகிறது, திறன் இறங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடை செய்கிறது. பறிமுதலான சைலன்சர்களைக் காவல்துறையினர் சாலை உருளையால் நசுக்கும் படங்களை நாம் செய்தித்தாள்களில் பார்த்திருக்கிறோம்.

இது முதலீடா?

“இன்று வாங்கினால் நாளை இரட்டிப்பாகும்” என்பது விற்பவர் வாயில் தவறாமல் வரும் சொல். கணக்கிட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் இவ்வண்டியின் விலை இருபதாயிரம் ரூபாய்க்கு உட்பட்டதே. நன்கு புதுப்பித்த வண்டி இன்று ஓர் இலட்சத்தைத் தாண்டியும் விலைபோகிறது. ஐந்து மடங்கு என்று வாய் பிளக்க வேண்டாம். 40 ஆண்டில் ஐந்து மடங்கு என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு வளர்ச்சியே. அதே இருபதாயிரத்தை ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் போட்டிருந்தால் ஏறக்குறைய மூன்று இலட்சம் ஆகியிருக்கும். வண்டிக்கு நடுவில் செய்த செலவை நான் சேர்க்கவே இல்லை. ஆகவே, ஓட்டும் இன்பத்துக்காக வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான காரணம். செல்வம் சேர்க்க வாங்குகிறேன் என்றால் அது கணக்கறியாமை.

பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பர். நாம் பணம் கொடுத்து வாங்குகிறோம். பார்த்தே ஆக வேண்டும்.

வண்டியைப் பார்க்கச் செல்லுமுன், இயந்திரத்தைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இயந்திரமே உண்மை பேசும். உதைமிதியைக் கையால் மெல்ல அழுத்தும்போது உறுதியான எதிர்ப்பு இருக்க வேண்டும். தளர்ந்து இறங்கினால் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. இரு வீச்சு வண்டியில் எண்ணெயும் சேர்ந்தே எரிவதால் சிறிது நீலப்புகை இயல்பு. இயந்திரம் சூடேறிய பின்னும் அடர்ந்த புகை ஓயாது வந்தால், கியர் எண்ணெய் தண்டின் அடைப்பான் வழியே உள்ளே கசிகிறது என ஐயுறலாம். அடைப்பான் மறுபக்கத்தில் பழுதானால் காற்று புகுந்து கலவை மெலியும். இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி ஓட்டத்திலேயே பிஸ்டன் இறுகிவிடும். வேகமாகச் செல்லும்போது பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்வது உயிருக்கு உலை வைப்பதாகும்.

சிலிண்டரை எத்தனை முறை கடைந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இவ்வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். தேயும்தோறும் கால் மில்லிமீட்டர் வீதம் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். நான்கு முறை கடைந்தால் ஒரு மில்லிமீட்டர் போய்விடும்; அந்தச் சிலிண்டர் தன் ஆயுளின் அந்தியில் இருக்கிறது என்று பொருள்.

வண்டியின் பின்னே நின்று இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் உள்ளனவா என நோக்குங்கள். கைப்பிடி இணையும் கழுத்துப் பகுதியில் பற்றவைத்த தழும்போ புதுச் சாயமோ இருந்தால் விபத்தைச் சந்தித்த வண்டி எனக் கொள்க. பிரேக்கை மறவாதீர். ஆர்.எக்ஸ். 100க்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக்கே; ராஜ்தூத் 350க்கும் அப்படியே. 40 கிலோமீட்டர் வேகம் 80 ஆனால் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு. அதை அடக்க வேண்டியது அந்தச் சிறு டிரம்தான்.

ஏடுகளை ஆராய்தல்

இயந்திரம் பழுதானால் திருத்தலாம். ஏடு பழுதானால் திருத்துவது அரிது. இயந்திர எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எண்கள் கோணலாகவோ ஆழம் மாறியோ இருந்தால் அங்கேயே கைகூப்பி விடைபெறுக. ‘ஜப்பானில் செய்தது’ என்னும் முத்திரைக்குத் தனி விலை உண்டு; முத்திரைக்கு விலை கொடுக்குமுன் எண்ணைப் பாருங்கள்.

ஒரு வண்டியின் முதற்பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். பின்னர் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1996இல் பதிவான வண்டியாயினும் 2011, 2016, 2021 என மூன்று முறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும் அன்றோ? அச்சான்று இல்லையேல் அதைச் சாலையில் ஓட்ட இயலாது. கடன் பாக்கி உண்டா என்பதை ‘வாகன்’ அரசு இணையதளத்தில் காணலாம்.

நம்மில் பலர் கன்னட நாட்டில் வாழ்ந்து தமிழ்நாட்டுக்கும் போய் வருவோர். தங்கவயலில் கே.ஏ. 08 எனப் பதிவான வண்டியை வேலூருக்கோ சென்னைக்கோ நிலையாகக் கொண்டுசெல்வதானால், 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். 12 மாதத்துக்கு மேல் அங்கு வைத்திருந்தால் புதுப்பதிவு எண்ணும் வரியும் உண்டு. இச்செலவைக் கழித்தே விலை பேசுக.

பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நண்பர்களுக்குள் நடக்கும் விற்பனையில் வழக்கமான பேச்சு. வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பது சட்டம். 2018இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது. நீங்கள் விற்றுவிட்ட வண்டி எங்கோ ஒருவரை மோதினால், வழக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் என்பதே இதன் பொருள். ஆகவே விற்பவர்க்கும் இதில் கவனம் வேண்டும்.

இறுதியாக ஒன்று. கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவது அறிவுடைமை ஆகாது. பழுதுபார்க்கவும், காப்புறுதிக்கும், நல்ல தலைக்கவசத்துக்கும் ஒரு பகுதியை முன்னரே ஒதுக்குங்கள். வாங்கிய பின் பழைய சைலன்சர், பழைய கார்புரேட்டர், பழைய விளக்கு எதையும் தூக்கி எறியாதீர்கள். அசல் உறுப்புகளே மறுவிற்பனையில் விலை தாங்குபவை. நம்பத்தக்க மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று திரும்பிவரும் துணிவு உள்ளவரே பழைய வண்டி வாங்கத் தகுதி உடையவர்.