குருத்தெலும்பும் அசைவும்

'குருத்தெலும்பு' என்னும் கலைச்சொல்லில் 'குருத்து' மென்மையைச் சுட்டுகிறது. தளிர்க்கும் ஆற்றலை அன்று. முதிர்ந்தோரின் மூட்டுக் குருத்தெலும்பு சிதைந்தால் எளிதில் மீள வளர்வதில்லை. அதில் இரத்த நாளங்கள் இல்லை. மூட்டு அசைந்து அழுத்தம் ஏறி இறங்கும்போது, மூட்டுநீர் வழியே உயிரணுக்களுக்கு ஊட்டம் சேர்கிறது. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி முதலியன அவற்றைத் தூண்ட, அவை நீரை ஈர்த்துவைக்கும் புரோட்டியோகிளைக்கன்களை ஆக்குகின்றன. மூட்டை நெடுநாள் அசையாது கட்டிவைத்தால் அவ்வாக்கம் குன்றுகிறது, குருத்தெலும்பு மெலிகிறது.

டொராண்டோ மருத்துவர் இராபர்ட் சால்டர் 1970இல் தொடங்கிய ஆய்வுகள், அசையாது வைத்த மூட்டினும் இயந்திரத்தால் இடைவிடாது மெல்ல அசைக்கப்பட்ட மூட்டில் முயல்களின் குருத்தெலும்புக் காயம் நன்கு ஆறுவதைக் காட்டின.

முறிவுக்குக் கட்டு தேவையே. எனினும், மருத்துவர் இசைந்த நாளில் அசைவைத் தொடங்குதலும் மருத்துவமே. 'ஓய்வு' என்பதற்கு 'அசையாமை' எனப் பொருள்கொள்ளலாகாது.