வெள்ளத் தடுப்புச் சுவருக்கு யார் பணம் போடுவார்?

காலநிலை தொடர்பான பணிகளுக்கு 2023இல் உலகெங்கும் சுமார் 1.9 லட்சம் கோடி டாலர் செலவானதாக ‘கிளைமேட் பாலிசி இனிஷியேட்டிவ்’ ஆய்வமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதில் தனியார் பணம் முதன்முறையாக ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. நல்ல செய்திதான். ஆனால் அதில் பெரும்பகுதி சீனா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களின் சூரிய மின்சாரத்துக்கும் மின்சார வாகனங்களுக்கும் போனது. மின்சாரத்துக்கு மாதாமாதம் கட்டணம் வசூலிக்கலாம். வெள்ளத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவரிடம் என்ன வசூலிப்பது? லாபம் வராத இடத்துக்கு அரசுப் பணம்தான் வரவேண்டும். தனியார் பணம், அரசுப் பணம் இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டிச் சொல்லும்போது இந்தப் பள்ளம் கண்ணில் படுவதில்லை.

ஏழை நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் வாக்களித்தன. அந்த இலக்கை எட்டியது 2022இல்தான்: பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படி 11,590 கோடி. அதில் வெள்ளத் தடுப்புச் சுவர் போன்ற தகவமைப்புப் பணிகளுக்குப் போனது 3,240 கோடி மட்டுமே. அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் கொடுத்த 9,160 கோடியில் 69 சதவீதம் கடன். மானியம் 28 சதவீதம். கடனின் முழு முகமதிப்பும் இந்தக் கணக்கில் ஏறிவிடும், திரும்பி வரப்போகும் அசல் உட்பட! பேரிடர் நேரத்திலும் கடன்தான் வருகிறது. 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரைச் சிதைத்தது. ஏற்கெனவே கடனில் தத்தளித்த அந்த நாட்டுக்கு சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) அவசரமாகக் கொடுத்த சுமார் 11.8 கோடி டாலரும் வட்டியில்லாக் கடன்தான். வட்டி இல்லை, சரி, அசலைக் கட்டவேண்டுமே.

அரசுக் கஜானாவில் அவ்வளவு பணம் ஏது, அரசு உத்தரவாதம் கொடுத்தால் தனியார் பல மடங்கு கொண்டுவருவார்களே என்று வாதிடுவோர் உண்டு. சூரிய மின் நிலையங்களைப் பொறுத்தவரை இது நியாயமான வாதம். உத்தரவாதம் இருந்தால் வட்டி குறையும், மின்சாரமும் மலிவாகும். ஆனால் அதே 2022இல் அரசுப் பணத்தைப் பின்தொடர்ந்து வந்த தனியார் பணம் 2,190 கோடி, அதாவது டாலருக்குக் கால் டாலர்கூட இல்லை. குறைந்த வட்டிக்குத் தரும் மென்கடனும் உதவிதானே என்பார்கள். வருமானம் தரும் திட்டத்துக்கு அது உதவிதான். இடிந்த பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டுவதற்கு வாங்கினால் சுமை. 2024இல் பாகு காலநிலை மாநாட்டில் நிர்ணயித்த புதிய இலக்கு, 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். அரசு, தனியார் என எல்லா வழிகளிலிருந்தும் அதைத் திரட்டலாம் என்கிறது தீர்மானம். மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற பகுப்பு மட்டும் அதில் இல்லை.