மாடியிலிருந்து விழும் பூனைக்கு எந்த எலும்பு உடையும்?

2021 ஆகஸ்டில் துபாய் தேரா பகுதியில், இரண்டாம் மாடி பால்கனியில் ஒரு சினைப்பூனை தொங்கிக்கொண்டு தவித்தது. கீழே இருந்தவர்கள் ஒரு போர்வையை விரித்துப் பிடித்தார்கள். பூனை அதில் விழுந்து தப்பியது. இந்தக் காட்சியின் வீடியோவைத் துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமது பின் ராஷித் பகிர்ந்து பாராட்டினார். மலையாளிகள் இருவர், ஒரு மொராக்கோக்காரர், ஒரு பாகிஸ்தானியர் என நால்வருக்கும் தலா 50,000 திர்ஹம் பரிசு கிடைத்தது.

எப்படி விழுந்தாலும் பூனை காலூன்றிக்கொள்ளுமே, போர்வை எதற்கு?

அந்தரத்தில் உடலைத் திருப்பும் வித்தை பூனைக்கு உண்டுதான். முதலில் முன்பாதி திரும்பும், பிறகு பின்பாதி. பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியேன்-ஜூல் மாரே 1894-லேயே இதைத் தொடர் படங்களாக எடுத்துக் காட்டினார். குட்டிகளுக்கு ஏழு வார வயதுக்குள் இது கைவந்துவிடுகிறது. ஆனால் காலூன்றி இறங்குவது வேறு, இறங்கும் வேகத்தைக் கால் தாங்குவது வேறு.

7 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். 4 கிலோ பூனை கால்களை மடக்கி 15 சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும் என்றால், அதன் எடையைப் போல் ஏறக்குறைய 48 மடங்கு விசை, அதாவது சுமார் 190 கிலோ பாரம், கால்களில் இறங்கும். போர்வை 70 சென்டிமீட்டர் தொய்ந்து கொடுத்தால் அதே பாரம் 44 கிலோவாகக் குறையும். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும் ஃபீல்டர் கையைப் பின்னுக்கு வாங்குவதும் இதே கணக்கில்தான்.

இந்தப் பாரம் எங்கே போய்த் தாக்குகிறது? குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில், மாடியிலிருந்து விழுந்த 119 பூனைகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டுகிறது. பாதிக்குச் சற்றுக் குறைவான பூனைகளுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. அந்த முறிவுகளில் பத்தில் ஆறு பின்னங்காலில். பூனையின் தோள்பட்டை எலும்பு உடலோடு தசைகளால் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது, அதனால் முன்னங்காலின் அதிர்ச்சியில் ஒரு பகுதியைத் தசை வாங்கிக்கொள்கிறது. பின்னங்காலோ இடுப்பெலும்பின் குழியில் நேராகப் பொருந்தியிருக்கிறது.

வயதும் முறிவின் இடத்தை மாற்றுகிறது. அதே ஆய்வில், தொடை எலும்பு முறிந்த பூனைகளின் சராசரி வயது 9 மாதம், கணைக்கால் எலும்பு முறிந்தவற்றுக்கு 29 மாதம். தொடை முறிவுகளில் பெரும்பாலானவை முழங்காலை ஒட்டி நேர்ந்தவை. வளரும் பூனைக்கு அங்கே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும், எலும்பைவிட அது பலவீனமானது. ஒரு வயதைக் கடந்த பிறகுதான் அது முழுதாக எலும்பாகும். சிறுவயதிலேயே கருத்தடை செய்த பூனைகளில் இது இன்னும் தள்ளிப்போகும்.

விழாமலே முறியும் கால்களும் உண்டு. தெருவில் கிடைத்த குட்டியை எடுத்துவந்து, எலும்பு நீக்கிய கோழிக்கறியை மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் உடல் அதைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்கிறது. எக்ஸ்-ரேயில் எலும்பு வெளிறி, மெல்லிய தோடாகத் தெரியும். அப்படிப்பட்ட குட்டி சோபாவிலிருந்து குதித்தாலே கால் வளைந்து முறியும்.

உயரம் கூடினால் ஆபத்து குறையும் என்றொரு பேச்சு உண்டு. 1987-இல் வெளியான நியூயார்க் ஆய்வில், ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்த பூனைகளுக்கு எலும்பு முறிவு குறைவாக இருந்ததிலிருந்து கிளம்பியது அது. ஆனால் விழுந்த இடத்திலேயே செத்த பூனைகளை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிவருவதில்லை. ஜாக்ரெப் ஆய்விலோ, ஏழாம் மாடியும் அதற்கு மேலும் என்றால் காயம் கடுமையாகவும் நெஞ்சில் அடி அதிகமாகவும் இருந்தது.

ஆகவே விழுந்த பூனை எழுந்து நடந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், நுரையீரல் காயம் வெளியே தெரியாது. வளைகுடா அடுக்ககங்களில் புறாவுக்காகக் கட்டும் மெல்லிய வலையைப் பூனை கடித்துப் பிரித்துவிடும். பால்கனிக்குக் கம்பி வலைதான் சரி.